ஒரு மனிதனுக்கு இரண்டு திவசம்

1

தாம்பரத்தில் இருக்கிறவள் தன்னை வெளிநாட்டில் இருப்பவள் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று ஊரில் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். கனடாவில் பனி வாருகிறவரும் பாரிஸில் கோப்பை கழுவுகிறவரும் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதினால் பொருந்தும். நானோ தமிழில் எழுதிய பேருந்துப் பலகையைப் படித்து ஏறுகிறேன், தமிழில் பேரம் பேசிக் கத்தரிக்காய் வாங்குகிறேன். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை காவல் நிலையத்துக்குப் போய், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், எங்கும் ஓடவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. பிறந்த நாட்டில் தமிழச்சி என்று துரத்தினார்கள். தமிழ்நாட்டில் சிலோன்காரி என்று பதிவு செய்கிறார்கள். இதற்கு மேலும் ஒரு வெளிநாடு வேண்டுமா?

இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் தவமணி, கலியாணம் கட்டாதவள், ஜாப் டைப்பிங் கடையில் டைப் அடிக்கிறேன். என் அண்ணையின் மனைவி புவனம் மச்சாள், சானடோரியத்தில் உள்ள எக்ஸ்போர்ட் கம்பனியில் சட்டைக் காலர் தைக்கிறா. அவர்களுடைய மகள் சுகந்தி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். எண்பத்து மூன்று ஆடியில் அவள் பதினொரு மாதக் குழந்தை. என் அண்ணை கருணாகரன் அந்த ஆடியில் கொழும்பில் காணாமல் போனார்.

இது எங்களுக்குத் தாம்பரத்தில் பத்தாவது ஆடி. முதல் நான்கு ஆடியும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. செய்தால் அவர் செத்துப்போனார் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தோம். ஐந்தாவது ஆடியில் மச்சாள் வாயைத் திறந்து, ஒரு பிடி சோறாவது படைக்க வேண்டும் என்றா. எந்த நாளில் படைப்பது? உடல் கிடைக்கவில்லை, இறந்த நாள் யாருக்கும் தெரியாது. மச்சாள் பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமையைச் சொன்னா, அதாவது எங்கள் வீடு எரிந்த அந்தத் திங்கட்கிழமையை. நான் திருதியையைச் சொன்னேன், இரண்டு நாள் தள்ளி வந்த புதன்கிழமையை. ஐயரிடம் கேட்டேன், திருதியைதான் நல்லது என்றார் என்று ஒரு பொய்யும் சொன்னேன். மச்சாள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தா. "சரி, அப்ப ரெண்டு நாளும் செய்வம்" என்றா. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவ ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று முதல் ஒரு மனிதனுக்கு இந்த வீட்டில் இரண்டு திவசம். "எங்க அப்பாவுக்கு மட்டும் ரெண்டு வாட்டி வடை" என்று சுகந்தி பக்கத்துப் போர்ஷன் பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்னை முன்பு மாமி என்று கூப்பிடுவாள், நம் முறைப்படி. இங்கே மாமி என்றால் மடிசார் கட்டிய பிராமணப் பெண் என்று வகுப்பில் சிரித்தார்களாம். இரண்டு வருடமாக நான் அத்தை. பள்ளிக்கூடப் படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் தாம்பரம் சானடோரியம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நான் அடித்துத் திருத்தப்போனேன். மச்சாள் என் கையைப் பிடித்து, "விடு, அவளுக்கு வேற எதைத் தெரியும்?" என்றா.

2

எங்கள் கடை ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. முதலாளி எத்திராஜ் அண்ணன் நல்ல மனிதர். என்னைச் சேர்த்த நாளிலேயே தொழிலின் முழு ஒழுக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டார். "அக்கா, நம்ம வேல அடிக்கறது. படிக்கறது இல்ல. அவன் தப்பா எழுதிகினு வந்தாலும் அப்டியே அடி, அது அவன் தலையெழுத்து."

கோர்ட் மனு, வாடகை ஒப்பந்தம், வேலை விண்ணப்பம் எல்லாம் வரும். கொழுத்த வேலை என்பது ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதும் தீசிஸ்தான். ஐந்து பிரதி, நடுவில் கார்பன், இடது பக்கம் பைண்டிங்குக்கு ஒன்றரை அங்குலம், அடிக்குறிப்புக்கு எத்தனை வரி விட வேண்டும் என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். அடித்து முடித்த பிறகு ஒரு வரி கூட்டச் சொன்னால் அந்த வரி அடுத்த பக்கத்தைத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், அத்தியாயம் முழுக்க நகர்ந்துவிடும். ஆகவே எதைத் திருத்தினாலும் எடுத்த வரிகள் எத்தனையோ அத்தனை வரிக்குள்தான் புதியதை அடைக்க வேண்டும்.

ஞானராஜ் சார் இரண்டு வருடமாக எங்கள் வாடிக்கை. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற, எல்லாரையும் மேடம் என்று கூப்பிடுகிற, குரலை உயர்த்தாத மனிதர். அவருடைய பொருள் இனப்படுகொலையும் கூட்டு நினைவும். தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்து நான் உலகத்தின் பாதி அழுகையைப் படித்தேன். படிக்கக் கூடாது என்றாலும் கண் சும்மா இருக்குமா? பாலைவனத்துக்கு நடத்திச் செல்லப்பட்டவர்கள், ரயில் பெட்டியில் அடைக்கப்பட்டவர்கள், தோல் கறுப்பாக இருந்ததற்காக மரத்தில் தொங்கவிடப்பட்டவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி. இரண்டாம் அத்தியாயம் முழுவதும் ஒரே வாக்குவாதம்: இனப்படுகொலை என்று சொல்ல எத்தனை பேர் சாக வேண்டும் என்பது முக்கியமில்லையாம், அழிக்கும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டுமாம். அந்த நோக்கத்தை எதை வைத்து அளப்பது என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு விரல்கள் கொதித்தன. அந்த ஆடியில் எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு, அதில் எத்தனை தலை என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். வாடகைக்கு இருந்த தமிழனின் தளபாடத்தைத் தெருவில் போட்டு எரித்தார்கள், வீடு சிங்களவருடையது என்பதால் சுவரை விட்டுவிட்டார்கள். அவ்வளவு கவனமாக எரித்தவனுக்கு நோக்கம் இருந்ததா இல்லையா என்று இன்னும் கருத்தரங்கு வைக்கிறார்களாம்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். இதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. தொண்ணூறில் நம் ஊரிலிருந்து முஸ்லிம் சனங்களை இரண்டு மணி நேரத்தில் வெளியே போ என்று நம் ஆட்களே விரட்டினார்களே, அப்போது நீங்கள் என்ன எழுதினீர்கள்? தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் குடியுரிமையைப் பறித்தபோது நம் அப்பாமார் என்ன எழுதினார்கள்? நம்மை ஒருவரும் கேட்கவில்லை என்று கத்துகிற நமக்கும் கேட்காத காது இருந்திருக்கிறது. இதை இங்கே எழுதாவிட்டால் இனி எழுதப்போகிற எதற்கும் எனக்கு அருகதை இல்லை.

3

போன வருடம் ஞானராஜ் சார் ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்தார். கொழும்பில் நடந்ததைச் சொல்ல முடியுமா, பெயர் போட மாட்டேன், எண்தான் போடுவேன் என்றார். நான் கடையிலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மச்சாளிடம் அவர் தனியாக வீட்டுக்குப் போய்க் கேட்டார். நான் சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் மச்சாளுக்குச் சொல்லிவிடக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். அந்த வகையில் அவர் கண்ணியமான மனிதர்தான்.

இந்த ஆடிப் பிரதமை வியாழக்கிழமை வந்தது. காலையில் மச்சாளின் திவசத்தை முடித்து, காகத்துக்கு வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஐந்தாம் அத்தியாயம் மேசையில் இருந்தது. திங்கட்கிழமை எல்லாவற்றையும் சமர்ப்பிக்க வேண்டும். பதினேழாவது பக்கத்தில் என் விரல் நின்றது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஒரே வாகனத்தில் பயணித்த இரண்டு பெண்கள் ஒரே மனிதனுக்கு இரண்டு வெவ்வேறு நாள்களில் திதி கொடுக்கிறார்கள். மனைவி (தகவலாளர் 8) அவரைத் திங்கட்கிழமை கடைசியாகப் பார்த்தார். திதி கொடுத்தும் குங்குமம் வைத்துக்கொள்கிறார். தங்கை (தகவலாளர் 7) புதன்கிழமை பார்த்ததாகக் கூறிக்கொள்கிறார், அதற்கு வேறு சான்று இல்லை. இந்த முரண்பாடு, நினைவு என்பது நடந்ததன் பதிவு அல்ல, உயிரோடு இருப்பவர்களின் தேவை என்பதற்குச் சிறந்த உதாரணம்.

ஏழு வரி. என் அண்ணை அந்த ஏழு வரிக்குள் அடங்கிப்போனார். நான் அந்த உதாரணம். இன்னும் கேளுங்கள், நன்றியுரைப் பக்கத்தை முதல் நாளே அடித்திருந்தேன். அதில் பிழையற்ற, நம்பகமான தட்டச்சுக்காகச் செல்வி தவமணிக்கு நன்றி என்று இருந்தது. தீசிஸின் முன்பக்கத்தில் எனக்குப் பெயர் உண்டு, நம்பகம் உண்டு. உள்ளே நான் ஏழாம் எண், நான் பார்த்தது என் தேவை. தாளை உருவிக் கசக்கிப் போட்டேன்.

"இன்னாக்கா, ஷீட்டு வேஸ்ட்டா பூடுச்சா?" என்றார் எத்திராஜ் அண்ணன்.

"இதை நான் அடிக்க மாட்டன் அண்ணன்."

அவர் பக்கத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு வராது. "இன்னா போட்டுகீறான்? கெட்ட வார்த்தையா?"

"இல்லை. நல்ல வார்த்தைதான்."

4

அந்தப் புதன்கிழமையை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். டேப்புக்குச் சொன்னதைத் தவிர யாருக்கும் சொல்லாதது.

திங்கட்கிழமை காலையில் புகை எழும்பியதும் அண்ணை எங்களைப் பின்மதில் ஏற்றிப் பின்வீட்டில் விட்டார். அது ஒரு சிங்கள அம்மாவின் வீடு, நோனா என்றுதான் கூப்பிடுவோம். தேங்காய் அடுக்கியிருந்த அறைக்குள் எங்களை வைத்து, கதவுக்கு முன்னால் ஒரு பாயைப் போட்டு அதில் அவ படுத்துக்கொண்டா. யாராவது வந்து கேட்டால் தனக்குக் காய்ச்சல் என்று சொல்ல. பிள்ளையின் பால்மா டின்னை எடுத்து வருகிறேன் என்று அண்ணை போனார். வாசல் படலையில் திரும்பி மச்சாளைப் பார்த்தார். அவர் வரவில்லை. மாலையில் எங்கள் வீடு எரிகிற வெளிச்சம் நோனாவின் ஓட்டு இடுக்கால் உள்ளே வந்தது.

புதன்கிழமை ஆமி லொறி வந்து தமிழ்ச் சனங்களை ஏற்றிப் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோனது. நான் லொறியின் ஓரப் பலகையைப் பிடித்து நின்றேன். மச்சாள் என் காலடியில், பிள்ளையை மடியில் கவிழ்த்து, முந்தானையால் மூடிக் குனிந்து உட்கார்ந்திருந்தா. சந்தியில் லொறி மெதுவாகியது. பொல்லும் இரும்புக் கம்பியுமாக ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர் சிங்களவர் மாதிரிக் கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டி, மூக்குக்கண்ணாடி இல்லாமல், மீசை இல்லாமல், மண்ணெண்ணெய் வரிசைக்குப் போகிறவர் மாதிரி ஒரு வெறும் போத்தலைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். என் அண்ணை.

அவர் லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு அதே வேகத்தில் நடந்தார்.

அண்ணை என்று கத்தினால் அந்த ஒரு சொல்லே போதும் அவரைக் கொல்ல. நான் கத்தவில்லை. வாயைப் பலகையில் வைத்து அழுத்தினேன். முன்பல்லில் ஒன்று இன்றைக்கும் ஓரம் உடைந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. கத்தியிருந்தால் அவர் ஓடிவந்து லொறியில் ஏறியிருப்பாரோ, ஆமிக்காரன் ஏற விட்டிருப்பானோ என்று பத்து வருடமாக எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. மச்சாளிடம் எப்படிச் சொல்வது? உன் புருஷனைக் கண்டேன், கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு அவ கையால் எப்படிச் சாப்பிடுவது?

5

வெள்ளிக்கிழமை மாலை ஞானராஜ் சார் வந்தார். அடிக்காத பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"மேடம், நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் எழுதல. ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதீங்க. மெமரி அப்படித்தான் வேலை செய்யும். அது குறை இல்ல."

"கூறிக்கொள்கிறார் எண்டால் என்ன சார்? மச்சாளுக்குப் பார்த்தார் எண்டு போட்டிருக்கு. எனக்கு மட்டும் கூறிக்கொள்கிறாரோ?" கோபம் வந்தால் எனக்கு இங்கத்துத் தமிழ் விட்டுப்போய்விடும்.

"ரெண்டு பேரும் ஒரே லாரியில பக்கத்துல பக்கத்துல இருந்தீங்க. மனைவி பார்க்கல. நீங்க மட்டும் பார்த்திருக்கீங்க. எக்ஸாமினர் கேட்பார் இல்லையா? அதோட இந்த ரெண்டு திதிதான் என் ஆர்க்யூமெண்ட்டுக்கே சென்டர். செமினார்ல சொன்னப்போ எல்லாரும் ரொம்ப பாராட்டினாங்க."

"என்ர அண்ணை உங்கட ஆர்க்யூமென்டோ?"

அவர் முகம் சிவந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நிறுத்த முடியவில்லை. "எரிச்சவனிட்ட ஆராவது ரெண்டாவது சாட்சி கேட்டவையோ? அவன் பட்டியலைப் பார்த்து வந்தான், எரிச்சான், போனான். இண்டைக்கும் அவன் எந்த அலுவலகத்திலயோ ஃபைல் பார்த்துக்கொண்டு இருப்பான். எந்தத் தேதியில எரிச்சனீ, ஏன் முரணாச் சொல்லுறாய் எண்டு அவனை ஒருத்தரும் கேக்கேல்லை. உயிர் தப்பி வந்த எங்களை மட்டும் எல்லாரும் சோதிக்கினம். போலீஸ் சோதிக்குது, வீட்டுக்காரர் சோதிக்கிறார், இப்ப நீங்களும்."

எத்திராஜ் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். யார் பக்கம் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனாலும் நின்றார்.

ஞானராஜ் சார் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துவிட்டு, "உங்க அண்ணிகிட்ட நான் ஒரு தடவை கேட்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"நீங்களாவது கேட்பீங்களா?"

நான் தட்டச்சுப் பொறியின் மேல் உறையைப் போட்டேன்.

"அப்ப நான் எப்படி எழுதட்டும் மேடம், நீங்களே சொல்லுங்க. திங்கக்கிழமை சப்மிட் பண்ணணும். அதுக்குள்ள உங்க அண்ணி ஏதாவது சொன்னா, அதே ஏழு வரிக்குள்ள மாத்திக்கலாம். இல்லைன்னா இது இப்படியே போகட்டும்."

அவர் படியிறங்கிப் போனார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் என்னை அதிகம் சுட்டது. என் வாயை நானே மூடி வைத்திருந்துவிட்டு, கேட்கவில்லை என்று அவரிடம் கத்தியிருக்கிறேன்.

6

சனிக்கிழமை திருதியை, என் திவசம். அதே நாள் முதல் சனிக்கிழமை, காவல் நிலையத்தில் கையெழுத்து. படையலை முடிக்காமலே போக வேண்டியிருந்தது, தாமதித்தால் அதற்கும் ஒரு விசாரணை. சுகந்தியை வீட்டில் விட்டுவிட்டு, மச்சாளும் நானும் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நான்கு குடும்பம் இருந்தது.

இந்த வருடம் புதுப் படிவம். எங்கள் முறை வந்ததும் பதிவு எழுதும் ரைட்டர் மச்சாளைப் பார்த்துக் கேட்டார். "புருசன் பேரு கருணாகரன். இப்ப எங்க கீறாரு?"

"காணேல்லை ஐயா."

"அதான் வருசா வருசம் சொல்றியேம்மா. இதுல ரெண்டு கட்டம்தான் கீது. உயிரோட கீறாரு, இல்லாட்டி செத்துட்டாரு. செத்துட்டாருன்னா தேதி போடணும். ஒண்ணு சொல்லு, டிக் அடிக்கிறேன். இன்னா பேஜாருமா உங்களோட."

மச்சாள் அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்தபடி நின்றா. "போய் யோசிச்சுகினு வாங்க. அடுத்த ஆளு" என்று ரைட்டர் பேனாவைத் தட்டினார். நாங்கள் மறுபடி பெஞ்சுக்கு வந்தோம்.

தேதி. அவருக்கும் தேதிதான் வேண்டும். மச்சாளின் கை மடியில் கிடந்தது. ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு என்னவோ உடைந்தது.

"மச்சாள், ஐயர் ஒண்டும் சொல்லேல்லை. திருதியை நானாச் சொன்னது."

"தெரியும்" என்றா மச்சாள்.

"நான் அண்ணையைக் கண்டனான். புதன்கிழமை. லொறியில இருந்து. சந்தியில அவங்களுக்கு நடுவில நடந்து வந்தவர். கண்ணாடி இல்லை. கையில போத்தல். நான் கூப்பிடேல்லை மச்சாள். கூப்பிடேல்லை."

சொல்லிவிட்டு அவ என்னை அடிப்பா என்றுதான் காத்திருந்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். மச்சாள் எதிர்ச் சுவரில் தொங்கிய தேடப்படுவோர் படங்களைப் பார்த்துக்கொண்டே பேசினா.

"நீலக் கயிறு."

"என்ன?"

"போத்தில்ல கட்டியிருந்த கயிறு நீலம். பிள்ளையின்ர தொட்டில் கயித்தில வெட்டி நான்தான் கட்டினது. எங்கட வீட்டுக் கிணத்தடியில தொங்கினது. அவர் எரிஞ்ச வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார் தவம். எங்களைத் தேடிப் போயிருக்கிறார்."

"நீங்களும் கண்டனீங்களே?"

"பலகை இடுக்கால. முந்தானைக்குள்ள இருந்து. முதல் கயிறைத்தான் கண்டனான். பிறகு காலை. அவற்ற நடை எனக்குத் தெரியாதே?"

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏன் சொல்லேல்லை?" இப்போதுதான் அவ என் பக்கம் திரும்பினா. "ஏன் கூப்பிடேல்லை எண்டு நீ கேப்பாய். அவர் உன்ர அண்ணை. நாளைக்குப் பிள்ளை கேப்பாள். திங்கட்கிழமை எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். திங்கட்கிழமை அவர் படலையில நிண்டு என்ர முகத்தைப் பாத்தவர். புதன்கிழமை முகத்தைத் திருப்பினவர். எனக்கு அந்த நாள் வேண்டாம்."

"அவர் எங்களைக் காப்பாத்தத்தான் திருப்பினவர் மச்சாள்."

"தெரியும். தெரிஞ்சும்தான் சொல்லுறன்."

ஐந்து வருடமாக ஒரு நாள் இடைவிட்டு ஒரே அடுப்பில் இரண்டு படையல் சமைத்திருக்கிறோம். அவ உளுந்து அரைக்க நான் வடை தட்டியிருக்கிறேன். ஒருத்தி கண்டதை மற்றவள் காணவில்லை என்று நினைத்து இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்கள் எங்கள் வீட்டை எரித்தது மட்டுமில்லை, இரண்டு பெண்கள் ஒரு பாயில் படுத்துக்கொண்டு பத்து வருடம் பேச முடியாதபடி செய்திருக்கிறார்கள். இதை எந்த அத்தியாயத்தில், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவார்கள்?

ரைட்டர் மறுபடி கூப்பிட்டார். மச்சாள் எழுந்து போய் மேசை முன்னால் நேராக நின்றா.

"செத்த தேதி தெரியாது ஐயா. கடைசியாக் கண்ட தேதி தெரியும். அதை எழுதுங்கோ."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஓரத்தில எழுதுங்கோ. நான் சொல்லுறன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, பேனாவைத் திருப்பிப் பிடித்து, படிவத்தின் ஓரத்தில் அந்தப் புதன்கிழமையின் தேதியை எழுதினார். இரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

7

வீட்டுக்கு வந்து மிச்சப் படையலை முடித்தோம். மச்சாள் சுகந்தியைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னா. பிள்ளை வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் பத்து வருடமாகப் பயந்த அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்பா என்னைப் பாத்தாரா மாமி?" என்றுதான் என்னிடம் கேட்டாள்.

"நீ முந்தானைக்குள்ள இருந்தனீ. ஆனால் நீ அதுக்குள்ள இருக்கிறாய் எண்டு அவருக்குத் தெரியும்" என்றேன். அவள் வடையைத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் அண்ணன் எனக்காகக் கடையைத் திறந்து வைத்தார். மச்சாளும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தா. ஏழு வரிதான் இடம். முதலில் எழுதியது பதினொரு வரி வந்தது. நோனா வீட்டு அறையை எடுத்தேன், மீசையை எடுத்தேன், என் பல்லை எடுத்தேன். கயிற்றை மட்டும் எடுக்க மச்சாள் விடவில்லை. கோயில் முடிந்து நேராக வந்த ஞானராஜ் சார் நாங்கள் சொன்னதை நின்றபடியே கேட்டு, தன் பேனாவால் ஆங்கிலத்தைச் சீர் செய்து கொடுத்தார். சென்டரே போய்விட்டதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் எழுதினார். அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவள்.

"பேர் வேண்டாம் மேடம், நிலைமை தெரியும்ல உங்களுக்கு. ஏழு, எட்டுன்னே இருக்கட்டும்" என்றார்.

"எங்கட பேர் வேண்டாம்" என்றா மச்சாள். "அவற்ற பேரைப் போடுங்கோ. அவருக்கு இனி என்ன பயம்?"

போட்டார். நான் ஐந்து தாளையும் நான்கு கார்பனையும் சேர்த்துத் தட்டி உருளையில் சுற்றினேன். கருணாகரன் என்ற பெயர் வரும் இடத்தில் ஐந்தாவது பிரதியிலும் தெளிவாக விழ வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் ஓங்கி அடித்தேன். ஏழாவது வரியின் முற்றுப்புள்ளி பழைய இடத்திலேயே விழுந்தது, அடுத்த பக்கம் நகரவில்லை.

ஞானராஜ் சார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். உண்மையிலேயே மகிழ்ந்துபோய்ச் சொன்னார். "இப்ப ரெண்டு சாட்சி ஆயிடுச்சு மேடம். இனிமே இது நடக்கலன்னு யாரும் சொல்ல முடியாது."

"நான் ஒருத்தி சொன்ன நேரமும் அது நடந்ததுதான் சார்" என்றேன்.